திறந்த குறியை மூடாமல் விடாத எங்கள் அக்காவுக்கு

வரைபடப் பிரிவின் வலக்கையே, வழுவில்லா வலைப்பக்கங்களை வார்த்தெடுத்தவரே, வாக்குவாதத்தில் எங்களில் ஒருவரையும் ஒருநாளும் வெல்ல விடாத வம்புக்காரரே, மாடி முழுவதும் “மூடியாச்சா அக்கா” என்று செல்லமாக அழைக்கும் எங்கள் அன்புக்குரியவரே! வணக்கம்.

உங்கள் ஓய்வு விழாவுக்கு இனிப்பாக நாலு வார்த்தை எழுதிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தால் போதும் என்று மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். நாங்களும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தோம். மனசு கொதிக்கிறபோது இனிப்பு எங்கிருந்து வரும்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்து சேர்ந்த காலத்தில் நம் நகர வரைபடத் தளம் இருந்த கோலம் இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் மருந்துக்கடை வேண்டும் என்று தேடினால், வரைபட மென்பொருள் தன் டெம்ப்ளேட்டுகளை, அதாவது பக்கத்தின் வார்ப்புகளை, எடுத்து, காலியாக விட்ட இடங்களில் கடையின் பெயரையும் தெருவையும் நிரப்பி, ஒரு வலைப்பக்கமாகக் கட்டிக் கொடுக்கும். பக்கத்தில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினிக்குச் சொல்பவை குறிகள்; மென்பொருளோடு வந்த டெம்ப்ளேட்டுகளில் திறந்த குறி மூடாமல் கிடக்கும். படத்துக்கு விளக்கம் இருக்காது. பிரவுசர் பெரிய மனசு பண்ணி அத்தனையையும் பூசி மெழுகிக் காட்டிவிடும். திரையில் நன்றாகத்தானே தெரிகிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

கீழ்த்தளத்தில் தொலைபேசியில் வழி சொல்லும் தம்பிக்குப் பார்வை கிடையாது. பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள்தான் அவருக்குக் கண். குறி மூடாத பக்கத்தில் ஒரு கடையின் பெயரும் அடுத்த கடையின் தெருவும் கலந்து அவர் காதில் விழும். அதை நம்பி வழி சொல்லிவிட்டு, அழைத்தவர்களிடம் கண்டபடி ஏச்சு வாங்குவார். நீங்கள் ஒருநாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள். மறுநாளே வலைப்பக்கங்களுக்கான தரநிலைக்கு இம்மியும் பிசகாமல் எல்லா டெம்ப்ளேட்டுகளையும் புதிதாக எழுத ஆரம்பித்தீர்கள். மேசை மேசையாக வந்து “மூடியாச்சா?” என்று எங்கள் உயிரை வாங்கினீர்கள். வீட்டில் ஓர் அலமாரியைக்கூட மூடாதவருக்கு ஆபீசில் இந்தப் பேரா என்று உங்கள் கணவர் சிரித்தது தனிக்கதை. ஆனால் அந்தத் தம்பி அதற்குப் பிறகு ஏச்சு வாங்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு இந்த அலுவலகம் செய்தது என்ன?

டெம்ப்ளேட் மூன்று துண்டு: தலைப்பகுதி, கடைக்கொரு முறை திரும்பத் திரும்ப வரும் நடுப்பகுதி, வால்பகுதி. தலையில் திறக்கும் அட்டவணை வாலில்தான் மூடும். மூன்றும் சேர்ந்து வரும் பக்கத்தைத்தான் சோதிக்க வேண்டும். எங்கள் மாடியில் புதிதாகச் சேர்கிறவருக்கே முதல் வாரத்தில் இது புரிந்துவிடும். தர ஆய்வுக்கு வந்த அதிகாரியோ தலைப்பகுதியை மட்டும் தனியே எடுத்து, பிழை காட்டும் சரிபார்ப்பு மென்பொருளில் போட்டார். திரையெல்லாம் சிவப்பாகப் பிழைகள் வந்தன. “கவனக்குறைவான வேலை” என்று உங்கள் பணிப்பதிவில் எழுதிவிட்டுப் போனார்.

“சட்டைக் கைய மட்டும் தனியா எடுத்துப் போட்டுப் பாத்துட்டு, முதுகு மறைக்கலைன்னு சொல்றீங்களே சார்,” என்று அவரிடமே கேட்டீர்கள். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, முழுப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியால் உங்கள் பதவி உயர்வு போனது. அன்று மாலையும் எதுவும் நடக்காததுபோல், தேடியது கிடைக்காதபோது வரும் வெற்று அட்டவணையும் தரநிலைப்படி தப்புதான் என்று அதைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது பின்னால் உங்கள் கணவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மேல்முறையீடு போட்டீர்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறதாம். மாலை போடக் கை நீளுகிறது, ஒரு வரியை அடிக்க மட்டும் பேனா கிடைக்கவில்லையா?

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, அக்காவின் டெம்ப்ளேட்டுகள் கட்டிய பக்கத்தை இப்போது இந்த அரங்கின் திரையில் சரிபார்க்கப் போகிறோம். முழுப் பக்கத்தை. தயவுசெய்து எழுந்து போகாமல் பாருங்கள்.

அக்கா, நோய்நொடி அண்டாமல், நினைத்தபோது தூங்கி, நினைத்தபோது எழுந்து, மனசுக்குப் பிடித்தவர்களோடு பல்லாண்டு வாழுங்கள். உங்கள் வாய்க்கொழுப்பு கொஞ்சமும் குறையவேண்டாம்.

இந்தத் தளத்தின் பக்கம் ஒவ்வொன்றும் உங்கள் டெம்ப்ளேட்டின் மேல்தான் நிற்கிறது. அவற்றை நம்பித்தான் நாங்கள் அத்தனை பேரும் வேலை செய்தோம். ஆகவே, இயக்குநர் ஐயா, அந்தக் குறிப்பை இன்றே அடிக்க முடியாது என்றால், அதே வரியை எங்கள் ஒவ்வொருவரின் பணிப்பதிவிலும் எழுதிவிடுங்கள். அதற்குச் சம்மதித்தே கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.

வரைபடப் பிரிவு ஊழியர்கள் அனைவரும்,
கீழ்த்தளத் தொலைபேசித் தம்பி உட்பட