எரித்த ஏட்டில் எஞ்சிய பெயர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் யோசேப்பு அண்ணை அவர்களே, அகதியாய் வந்து கொலோனில் வேரூன்றிய பெரியோரே, பெற்றும் பறிகொடுத்தும் பேசாதிருக்கும் தாய்மாரே, ஜெர்மனில் கனவு கண்டு தமிழில் அழும் இளையோரே, இந்த அரியரத்தினத்தின் வணக்கம்.

எரேமியாவைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எருசலேம் எரியுமுன்பே எச்சரித்த அந்தத் தீர்க்கதரிசி உண்மையில் வாழ்ந்தானா? வேதாகமத்துக்கு வெளியே சான்று உண்டா? யூதாவின் இலாகீசு கோட்டையின் இடிபாட்டில் மண்ணோட்டுக் கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஒரு தீர்க்கதரிசி சொன்ன செய்தியைக் குறிப்பிடுகிறது: "எச்சரிக்கை." அவன் பெயர் அதில் இல்லை. எரேமியாதானா? அறிஞர்களாலும் அறுதியிட முடியவில்லை. பெயரற்ற ஒருவன் இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளாக எச்சரித்துக்கொண்டே இருக்கிறான்.

என்ன சுஜீவா, "அண்ணை, கதைக்கு வாங்கோ" என்கிறீர்களா? வாறன் தங்கச்சி.

எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக்கு எழுதினான். அந்தச் சுருளை மாரிகால மாளிகையில் அரசன் யோயாக்கீம் முன் வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க அரசன் கத்தியால் அறுத்தான், அறுத்து அறுத்து நெருப்பில் இட்டான். ஏடு எரிந்தது. சொல் எரிந்ததா? எரேமியா மீண்டும் சொன்னான். முன்பைவிடக் கூடுதலான சொற்களோடு ஏடு திரும்பி வந்தது.

தொண்ணூறாம் ஆண்டு மாரியில், இதே ஊர் அகதி விடுதியில், எல்லோருக்கும் அன்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், எழுதிக் கொடுத்தவன் நான். என்னைப் பாரூக்கு என்றே கேலி செய்வீர்கள். மன்னாரில் தன் கண்முன் வாகனத்தில் ஏற்றப்பட்டுக் காணாமற்போனவர்களின் பெயர்களை, இதோ முன்வரிசையில் இருக்கும் ஜெயமலர் அக்கா சொன்னார், நான் எழுதினேன். பன்னிரண்டு பெயர்கள். பிறகு அந்தத் தாள் தபாலில் தொலைந்துவிட்டது என்றேன். சாட்சி இல்லாமல் அவருடைய அன்ராக் தள்ளப்பட்டது. எட்டு ஆண்டுகள் அவர் அலைந்தார்.

போன கிழமை அவரை மீண்டும் சொல்லச் சொன்னேன். அதே பெயர்கள், அதே வரிசை. ஆனால் பன்னிரண்டில் அவர் நிற்கவில்லை.

"நெத்தியிலை தழும்பு உள்ள பொடியன், இஞ்ஞாசி."

"இது புதுப் பேரோ அக்கா?"

"இல்லைத் தம்பி. அப்பவும் சொன்னனான். நீங்கள்தான் பேனையை மூடிப்போட்டியள்."

ஓம். மூடினேன். அந்தத் தழும்பு சின்ன வயதில் என் கல்லெறியால் வந்தது. எழுதாவிட்டால் அவன் உயிரோடிருப்பான் என்று நினைத்தேன். எழுதியதையும் விடுதியின் நிலக்கரி அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாரியிலும் வெப்பக் குழாய் தட்டும்போதெல்லாம் யாரோ கதவைத் தட்டுவதாக எழுந்துபோய்த் திறந்து பார்க்கிறேன். வெளியே ஒருவரும் இல்லை.

அக்கா, உங்கள் தாளைத் தபால் தொலைக்கவில்லை. நான் பாரூக்கு அல்லன். நான் அந்த அரசன்.

புதிய தாள் என் கையில் இருக்கிறது. இதை எரிக்க எனக்கு ஏலாது. பதின்மூன்றாவது பெயர் இஞ்ஞாசி. என் தம்பி.

கேட்டிருந்த செவிகளுக்கு நன்றி. இந்தப் பதின்மூன்று பேரின் சார்பிலும் உங்களை வணங்கி அமர்கிறேன்.