பச்சை மூடி, நீல மூடி

– அம்சவேணிக்கா, ரெண்டு பாட்டிலுமே வெளுத்துப்போச்சு.

– வெளுத்தா நல்லதுதானே ரூக்ஷார்? இந்த அரக்கு சாயத் தண்ணி தெளியணும்னுதானே எட்டு மாசமா ஏனாத்தூர் காலேஜுக்கும் எங்க பட்டறைக்கும் அலைஞ்சுக்கினு இருக்கே.

– பச்சை மூடி பாட்டில்ல மட்டும்தான் என் பொடி இருக்குது. நீல மூடியில வெறும் சாயத் தண்ணி. அதுவும் வெளுத்துச்சுன்னா, ரெண்டையும் உங்க மாடி வெயிலே வெளுத்துடுச்சுன்னு அர்த்தம். என் பொடி ஒண்ணும் பண்ணலக்கா.

– அந்தச் சுண்ணாம்பு மாதிரி இருக்குமே, அதுவா?

– கண்ணுக்குச் சுண்ணாம்புதான். டைட்டானியம் டை ஆக்சைடு. மொதல்ல எல்லாம் உருண்டை உருண்டையா வந்துச்சு. ஆசிட் அளவை மாத்தி மாத்தி, ஓவன்ல ஒரு நாள் முழுக்க வெச்சு, பதினேழாவது தடவை மைக்ராஸ்கோப்ல பாத்தேன். குட்டிக் குட்டிச் சதுரம். மேகத்துல யாரோ தரை போட்ட மாதிரி.

– சதுரமா இருந்தா என்னம்மா?

– தட்டையா இருந்தா அந்த அகல முகத்துல வெயில் வந்து உக்காரும். உக்காந்து, சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பிச்சுப்போடும். பஸ்ல கண்ணை மூடினா அதான் தெரியும். உங்க வாய்க்கால் அடிமண் தெரிய ஓடுற மாதிரி, தண்ணிக்குள்ள அந்தச் சதுரங்க மினுக்குற மாதிரி.

– எனக்கும்தான். எங்க வீட்டுக்காரர் ஒரகடம் கம்பெனிக்கு ஓடாம, பழையபடி சாயத் தொட்டிகிட்ட நின்னுக்கினு இருக்கற மாதிரி. காலையில எழுந்தா பட்டறைக் கதவுல சீல் அப்படியே இருக்குது.

– வாய்க்கால்ல சாயம் வுடறீங்கன்னு ஆபீசருங்க வெச்ச சீல். நாலு மாசம் ஆவுதில்ல. நான் எடுத்துத் தர்றேன்னு பெருசா சொன்னேன். நாளைக்குக் காலேஜ்ல எங்க சார்கிட்ட ஆராய்ச்சியை நிறுத்திக்கறேன்னு சொல்லிடப்போறேன்க்கா. இனிமே தெம்பு இல்ல.

– இரு. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே.

– சொல்லுங்க.

– நேத்து சாயந்திரம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். நீல மூடி பாட்டில் செவசெவன்னே நின்னுச்சு. நீ வந்து பாத்தா மனசு உடைஞ்சுடுவியேன்னு, பட்டுல ஏறின சாயத்தை எறக்கப் போடுவோமே ஹைட்ரோஸ், அதுல ஒரு சிட்டிகை போட்டுட்டேன்.

– நீல மூடியிலயா?

– ஆமாம்மா. தப்புதான்.

– பச்சை மூடியில எவ்ளோ போட்டீங்க?

– அதுல எதுக்கும்மா போடணும்? நான் போறதுக்கு முன்னாடியே அது தெளிஞ்சு நின்னுச்சே.