மஞ்சளை விட்டுப் போன சிவப்பு

மாஜிஸ்திரேட் ஐயா, சாயக்காரனுக்கு எந்தத் துணியையும் சும்மா பார்க்கத் தெரியாது. எனக்கும் அப்படித்தான்.

என் தம்பி பால்ச்சாமி, மிஞ்சிய சாயத்தையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் அள்ளி அப்பி, எங்கள் சாயப்பட்டறையில் தொங்கவிட்டிருந்தான். கண்ணு மூக்கு எதுவும் இல்லாத படம். ராஜபாளையத்திலிருந்து நூல் கொண்டுவந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். "அண்ணே, நீங்களாவது செத்த நேரம் உத்துப் பாருங்க. புரியும்" என்றான். பார்த்தேன். புரிந்தது.

யாருடைய நூல் என்று தெரிய, சாயத்துக்கு வரும் ஒவ்வொரு வீட்டு நூல்கட்டிலும் ஒரு நிறக் கயிறு முடிவோம். எங்கள் வீட்டுத் துணிக்கும் அதே வழக்கம். எனக்கு மஞ்சள், தம்பிக்கு நீலம், என் மனைவி ரத்தினத்துக்குச் சிவப்பு. படத்தின் நடுவில் மஞ்சள் தனியாக நின்றது. சிவப்பு அதை விட்டு ஓடி, கீழே நீலத்தோடு கலந்து ஊதாவாகிக் கிடந்தது. பண்ணியதையும் பண்ணிவிட்டு என்னையே பார்க்கச் சொல்கிறானே என்று கறுவிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் அவன் கொதிக்கும் கொப்பரைமேல் குனிந்து நூலைக் கிண்டிக்கொண்டிருந்தான். தோளில் கை வைத்தேன். "என்னண்ணே?" என்று சிரித்தான். தள்ளினேன். கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

கருமாதி முடிந்ததும் ரத்தினத்தின் முன்னால் அந்தத் துணியை விரித்தேன். அவள் முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன்.

"இது நம்ம ஆடிப்பூரத் தேருல்லா" என்றாள். "கோபுரத்துல ஏறி நின்னு பாத்ததாம். கீழ கெடக்கிறது அம்புட்டும் வடம் இழுக்கிற சனம். செவப்பா ஓடுதுல்லா, அது வடம். அதுக்குச் செவப்புப் போடச் சொன்னது நான்தான். நடுவுல மஞ்சத் தலப்பாவோட சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரத் திருப்பி விடுறது நீங்க. எங்கண்ணன் கை இல்லைன்னா தேரு நவுராதுன்னு உங்க தம்பி சொல்லிச் சொல்லித் தீட்டுனாவ." அப்புறம் வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனைக் கொன்றது நான்தான், ஐயா. யாரும் என்னை அடித்துச் சொல்ல வைக்கவில்லை.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கூடப்பிறந்த எனக்குச் சொல்லாத படத்தை, அவளிடம் மட்டும் உட்கார்ந்து விளக்கியிருக்கிறான். அப்படியென்றால் நான் பார்த்தது முழுக்கத் தப்பில்லையே.