மறுபடியும் அதே பவளத்தூள்

…அதெல்லாம் முடியாது, இன்னும் நல்லா வாயைத் திற. ஊசி போட்டாச்சுல்ல. வலிச்சா மட்டும் கையைத் தூக்கு. அக்கா பேசுறது பிடிக்கலைன்னு தூக்கக் கூடாது.

இன்னைக்குப் பார்த்தா உனக்குப் பல்லு வலிக்கணும்? உங்க லேப்ல மெஷின் ஓட்டுற பொண்ணுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. வர்றேனா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள அவ பதில் சொல்லணும். ஐயா இங்க வந்து படுத்துட்டீங்க.

முழிக்காத. எனக்கு எல்லாம் தெரியும்.

உன் வேலையை ஊருக்கெல்லாம் நான்தான்டா விளக்குறேன். கடலுக்கடியில பவளம் வருஷா வருஷம் சுண்ணாம்பை அடுக்கி அடுக்கி எலும்புக்கூடு கட்டுது. கடல் குளிர்ந்தா அதுல ஸ்ட்ரான்சியம்னு ஒரு உலோகம் கொஞ்சம் கூடும், சூடானா குறையும். அதை அளந்தா கொள்ளுத்தாத்தா பொறந்த வருஷத்துக் கடல் சூட்டைக்கூட சொல்லிடலாம். அம்மாவுக்கே புரிஞ்சிருச்சு. அந்தக் காலத்துக் கடலெல்லாம் உனக்குத் தெரியுது, பக்கத்து ரூம்ல இருக்கிறவ மனசு தெரியல.

போன மாசம் பவளம் சுரண்ட என்கிட்ட பல்லு டிரில் முனை வாங்கிட்டு வரச் சொல்லி அவளை அனுப்புனியே, அப்ப சொன்னா. பவளத்துல ஏற்கனவே அளந்து முடிச்ச அதே அடுக்கைச் சுரண்டி, மறுபடியும் அவ மெஷின்ல அளக்கச் சொல்லித் தூள் கொண்டுவந்து நிக்கிறியாமே? சரிபார்க்கணுமாம். ஒவ்வொரு தடவையும் அதே எண்தான் வருதாம். வராம? நீ போய் நின்னா கடல் பழைய சூட்டை மாத்திக்குமா? ஒரு தடவை சரிபார்த்தா ஆராய்ச்சி. வாராவாரம் போனா அதுக்குப் பேரு வேறடா.

ஆடாத, பஞ்சு விழுந்துரும்.

விளையாட்டுக்குச் சொல்லல. அப்பா போனதுக்கப்புறம் நீ யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசி நான் பார்க்கல. அவளைப் பத்திப் பேசுறப்ப மட்டும்தான் பழைய தம்பியா இருக்க. அவளும் போயிட்டா நீ அந்தக் கல்லோடவே உக்காந்துருவியோன்னு எனக்குப் பயமா இருக்கு.

என்ன? ஒண்ணும் புரியல. உதடு மரத்திருக்கு, இப்போதைக்குப் பேச்சு வராது. வர்ற வரைக்கும் அவளும் காத்திருக்க முடியாது.

அவ எங்கயா? இதோ, பக்கத்து ரூம்லதான். நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டா. போகட்டுமா, இருக்கட்டுமான்னு என்கிட்ட கேக்குறா. என்னை ஏம்மா கேக்குறன்னு உக்கார வெச்சிருக்கேன். கதவைச் சாத்தல, எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கா.

தலையாட்டுறதுக்கு உதடு வேண்டாம்ல?

உள்ள வாம்மா.