சமையல் எண்ணெயில் ஒரு முகம்

— கையை எடு மாப்ள! ஒட்டிக்கும்.

— என்ன மாமா, வரைஞ்சு மூணு வாரமாச்சுன்னீங்க? இன்னும் சொதசொதன்னு இருக்கு!

— கடைக்காரன் ஏமாத்திட்டான். ட்யூப்ல பெயின்ட்டுக்குப் பதிலா வெண்ணெயை அடைச்சு வித்திருக்கான்.

— அவனைத் திட்டாதீங்க. நீங்க என்ன எண்ணெய் கலந்தீங்க?

— சமையல் எண்ணெய்.

— சமையல் எண்ணெயா!

— பின்ன? ஆளிவிதை எண்ணெய்னு உள்ளங்கை அளவு பாட்டிலைக் கொடுத்து, அது இல்லாம வேலையே நடக்காதுன்னான். யாருக்குக் காது குத்தறான்? அதை அப்படியே மூலையில போட்டுட்டேன். அடுப்படியில நம்ம எண்ணெய் டின்னோட இருக்கு, எடுத்து ஊத்தினேன். வழுவழுன்னு நல்லாத்தான் ஓடிச்சு.

— ஓடும். காயாது. போர்டு எழுதியே சாப்பிடறவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

— உன்னைக் கேட்டா நேரா உங்க அக்காகிட்டப் போய் ஒப்பிப்ப. அவ உன் வீட்டுலதானே உட்கார்ந்திருக்கா.

— உட்காராம? ஆஸ்பத்திரி ஃபாரத்துல அக்காவோட அங்க அடையாளம் கேட்டா, வலது கன்னத்துல மச்சம்னு எழுதறதா? நாப்பது வருஷமா பார்க்கிற முகம் மாமா. மச்சம் இடது பக்கம்.

— இப்பத் தெரியுது. அதுக்குத்தானே இவ்வளவும்! நாளைக்கு மிச்சத் துணிமணி எடுக்க வரா. வந்தா இதைப் பார்க்கணும். பார்த்த பிறகும் போறேன்னா போகட்டும்.

— முகம் அச்சு அசல் அக்காதான். ஆனா ஏன் இப்படி முறைக்குது?

— கதவைச் சாத்திட்டுப் போனப்ப அப்படித்தான் பார்த்தா. வேற முகம் ஞாபகத்துக்கு வரல.

— முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க. வீடே டர்ப்பன்டைன் நாத்தம். பிரஷ் கழுவினது எங்க?

— சிங்க்குல ஊத்திட்டேன்.

— ஐயோ, ஊத்தவே கூடாது மாமா. மூடி போட்ட பாட்டில்ல வையுங்க. கசடு அடியில தங்கிடும், மேல தெளிஞ்சதை எடுத்து மறுபடி கழுவலாம். ஆமா, அட்டைப்பெட்டியில என்ன சுருட்டி வச்சிருக்கீங்க?

— துடைச்ச துணி. காலையில அந்த ஆளிவிதை பாட்டில் கால் பட்டுக் கவுந்துடுச்சு.

— மாமா, இது சுடுது!

— வெயில் பட்டிருக்கும்.

— இந்த மூலையில ஏது வெயில்? அந்த எண்ணெய் காயறப்ப தானா சூடேறும். இப்படிச் சுருட்டிக் குவிச்சா நெருப்பே பிடிச்சுக்கும்.

— காது குத்தாதே. ஆயுசெல்லாம் லாரிக்கு அடியில படுத்து கிரீஸ் துடைச்சவன் நான். ஒரு துணி எரிஞ்சதில்ல.

— கிரீஸ் காயறதில்ல, அதனால எரியல. நீங்களே கையை வச்சுப் பாருங்க.

— அட, ஆமா! தூக்குடா, தூக்கு! அந்த வாளியை இங்க தள்ளு!

— நல்லா முங்கட்டும். இனிமே துடைச்ச உடனே ஒவ்வொண்ணா வெளியில விரிச்சுப் போடுங்க. மாமா... இது அக்காவோட பூப்போட்ட நைட்டி மாதிரி இருக்கே?

— மாதிரி என்ன மாதிரி. அதேதான். பழசு கிடந்துச்சு, கிழிச்சேன்.

— நாளைக்கு அதை எடுக்கத்தான் வரா!

— நாளைக்கு நான் வந்திருந்தா வீடே இருந்திருக்காது போலிருக்கே.

— அக்கா! நீ எப்ப வந்தே?

— நீங்க ரெண்டு பேரும் போடற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. தள்ளுங்க ரெண்டு பேரும். இது யாரு?

— நீதான்.

— மச்சம் சரியா இருக்கு.

— கல்யாண போட்டோவை லென்ஸ் வச்சுப் பார்த்தேன்.

— நான் இப்படியா முறைக்கிறேன்?

— இப்பக்கூட அப்படித்தான். ஏய், தொடாதே! இன்னும் காயல.

— எப்பக் காயும்?

— எங்க காயறது அக்கா? சமையல் எண்ணெயை ஊத்தியிருக்காரு மாமா. இந்த ஜென்மத்துல காயாது.

— அப்படியா? சரி, காயட்டும். காஞ்ச பிறகு இதையும் எடுத்துக்கிட்டே கிளம்பறேன்.