துண்டு போட்டுப் புடிச்ச எடம்

இல்லீங்கம்மா, நல்லா நவுந்து உக்காருங்க, மூணு பேருக்குத் தாராளமா எடம் இருக்குது. ஜன்னல் வழியா துண்டு போட்டுப் புடிச்சது என் தம்பிதான், சென்றாயன். ஒசூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தீங்கல்ல, சட்டை தொளதொளன்னு? அவன்தான். போன வருசம் அதே சட்டை அவனுக்குப் புடிப்பா இருந்துச்சு.

வயித்துல பூச்சிங்க. சிரிக்காதீங்க, கொழந்தைங்களுக்கு வருமே, அது இல்ல. இது கண்ணுக்கே தெரியாதாம். போவுது போவுது, நிக்கவே இல்ல. லேத்து மிசினுல நிக்கற ஆளு கக்கூசுக்கே ஓடினு இருந்தா சூப்பர்வைசர் உடுவானா? வேலை போச்சு. எங்கம்மா மாதுளந்தோலு, வசம்பு, மோருன்னு எதையும் உடல. கம்பெனித் தண்ணிதான் ஆவலன்னு உக்காந்து திட்டும். அதே தண்ணியக் குடிச்சவனெல்லாம் கல்லாட்டம் இருக்கறானே, இவனுக்கு மட்டும் ஏன்? எனக்கு அது உறுத்தினே இருந்துச்சு.

பெங்களூருக்கு நாந்தான் கூட்டினு போனேன். மலத்த வாங்கிப் பாத்தாங்க, அப்புறம் ரத்தம் எடுத்தாங்க. டாக்டரம்மா மாத்திரை குடுத்து, தண்ணியக் காய்ச்சிக் குடின்னாங்க. நின்னுபோச்சுங்க! களி இன்னொரு உருண்டை போடுக்கான்னு கேட்டு வாங்கித் தின்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்கம்மாவுக்கு அது போதாதா? பூச்சி செத்துப் போச்சு, முகூர்த்தத்துக்கு நாளு பாருன்னு குதிச்சுது.

பொண்ணு யாரா? இதோ தூங்குறாளே, சம்பங்கி, என் பொண்ணுதான். எங்க பக்கம் அக்கா பொண்ணு தம்பிக்குத்தாங்க. தாய்மாமன் இருக்கும்போது வெளிய குடுத்தா ஊரே காறித் துப்பும். இவ பொறந்தப்பவே பேசி வெச்சது. கட்டினவ வந்து பக்குவமா ஆக்கிப் போட்டா தேறிடுவான்னு எங்கம்மா நெனப்பு.

மெதுவாப் பேசறேன், அவ முழிச்சுக்கப் போறா. உங்கள நான் இனிமே பாக்கப் போறதில்ல, அதான் வாய் வருது. டாக்டரம்மா பூச்சியோட நிறுத்தலீங்க. எங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்ட்டு உக்கார வெச்சாங்க. நமக்கெல்லாம் அந்தப் பூச்சி வந்தா ஒடம்பே தொரத்திடுமாம். இவன் ரத்தத்துல அந்தச் சக்தி கொறஞ்சுனே போவுதாம். மறுபடி மறுபடி வரும்னாங்க. எய்ட்ஸ் கிருமி இருக்குதுங்க.

ஏங்க நவுர்றீங்க? உக்காந்தா ஒட்டாதுங்க. என் பொண்ணு தலைக்கு வெச்சினு இருக்கறதே அவன் துண்டுதான். நான் அவன் தட்டுல மிச்சம் வெச்சதத் தின்னறவ. புருசன் பொண்டாட்டியா இருந்தாத்தான் வரும், ஊசி, ரத்தம், அப்படி வரும். எங்க போனான், எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல. கேட்டு என்ன பண்ணப் போறேன்?

எங்கம்மாகிட்ட சொல்லிடலாம்தான். அது வாயில நிக்குமா? தளிப் பக்கம் இதே சீக்கு வந்த ஒருத்தன மாட்டுக் கொட்டாயில போட்டு, சோத்த தூர வெச்சுட்டுப் போனாங்க. என் தம்பிய அப்படிப் பாக்க என்னால முடியாதுங்க. அதுக்காகப் பெத்த பொண்ணத் தூக்கிக் குடுக்க முடியுமா?

இவளுக்கும் ஒண்ணும் தெரியாது. சேலத்துல கல்யாணப் புடவை எடுக்கப் போறோம்னு நெனச்சினு இருக்கறா. மாமன் வாங்கிக் குடுத்த பூவப் பாருங்க, வாடிப்போயும் எடுக்க மாட்டேங்கறா. சேலத்துல என் நாத்தனா பவளம், ஒரு நூல் மில்லுல இருக்குது. இவள அங்க வேலைக்கு உட்டுட்டு நான் மட்டும் திரும்பணும். சீக்காளித் தம்பின்னு பொண்ணக் குடுக்காம ஓட்டி உட்டுட்டாளேன்னு எங்கம்மா மண்ண வாரித் தூத்தும். தூத்தட்டும்.

தம்பிக்குத் தெரியுமாவா? யோசனையே அவனோடதுதாங்க. பஸ்ஸு கெளம்பறப்ப ஜன்னல்கிட்ட வந்தான். துண்ட வாங்கிக்கடான்னேன். இருக்கட்டும்க்கா, அவ தலைக்கு வெச்சுக்கட்டும்னான். அப்புறம் இவளுக்குக் கேக்காம என் காதோரம் சொன்னான். புடவை மட்டும் எடுத்துட்டு வந்துடாதக்கா, பாத்தா எனக்கே மனசு மாறிடும்னு.