லூர்துசெல்வியின் கைப்பிடி

— அதெல்லாம் சரிங்க சார். ஆனா கட்டையை அராவக் கூடாதுன்னா எப்புடிங்க? மேட்ச் துப்பாக்கி வாங்குறவங்க எல்லாருமே அந்தக் கைப்பிடிக் கட்டையை அவங்கவங்க கைக்குத் தக்கன அரம் போட்டு அராவிக்குவாங்களாம். வர்ற வழியெல்லாம் என் தங்கச்சி அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தா.

— தெரியும். ஆனா இதை அராவக் கூடாது. நான் போடுற நிபந்தனை அது ஒண்ணுதான்.

— சட்டை வாங்குங்க, ஆனா கை மடிக்கக் கூடாதுங்கற மாதிரி இருக்குதுங்க.

— மணியண்ணா, நீ செத்த சும்மா இரு. சார், மொதல்ல நான் பொருளைப் பாத்துக்கட்டுங்களா?

— பாருங்க கௌரி. பெட்டி மேசை மேல இருக்கு.

— என்ன கண்ணு, ஆட்டைப் பல்லு புடிச்சுப் பாக்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கற?

— காத்து சிலிண்டர்ல தேதி போட்டிருக்கும் அண்ணா. பத்து வருசம் தாண்டுச்சுன்னா மேட்ச்ல உள்ளயே உட மாட்டாங்க. இதுக்கு இன்னும் நாளிருக்குது. குழல்ல துரு இல்ல. ட்ரிக்கர் எவ்வளவு லேசா இருக்குது பாரு, மூச்சு உட்டாலே விழுந்துரும் போல.

— அவ எல்லாத்தையும் சரியா வச்சிருப்பா.

— அவங்கன்னா யாருங்க சார்?

— என் மனைவி. லூர்துசெல்வி. இது அவளோட பிஸ்டல்.

— இப்ப அவங்க சுடறதில்லீங்களா? இருந்தாங்கன்னா ரெண்டு வார்த்தை கேட்டுக்கலாம். எனக்குச் சொல்லித் தர்றதுக்கு இந்த மலையில யாருமே இல்லீங்க.

— போன மழைக்காலத்துல இறந்துட்டா.

— அய்யோ. ஃபோன்ல நீங்க சொல்லவே இல்லீங்களே சார்.

— நீங்க கேக்கலை.

— யாருங்க சார் ஃபோனைப் போட்டு, ஏனுங்க, உங்கூட்டம்மா உசுரோட இருக்காங்களான்னு கேப்பாங்க?

— அண்ணா!

— பரவாயில்லை. அவர் சொல்றது சரிதான்.

— தப்பா எடுத்துக்காதீங்க சார். எஸ்டேட்டு பிக்கப் ஓட்டறவன். வாயி கொஞ்சம் முன்னால போயிரும், பிரேக் புடிக்காது. ஏங் கௌரி, எனக்கு ஒண்ணு தோணுது. சேலத்துல அந்தக் கடையில புதுசே இருந்துச்சே. கையால அமுக்கிக் காத்தடைக்கிறது. வெலையும் கம்மி. யாரும் அதை அராவாதேன்னு சொல்லப் போறதில்ல.

— அது ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வாட்டி அமுக்கோணும் அண்ணா. அறுபது குண்டு முடியறதுக்குள்ள தோளு செத்துப் போவும். அப்புறம் கை ஆடாம எப்புடி நிக்கும்? ட்ரிக்கரும் கெணத்துக் கயிறு இழுக்கற மாதிரி. அது பழகறதுக்கு. மேட்ச்சுக்கு இந்த ரகம் வேணும். இந்த ரகத்துல நாம கொண்டாந்த காசுக்குப் படியறது இது ஒண்ணுதான்.

— காசு குறைச்சே கொடுங்க. அது எனக்குப் பிரச்சினை இல்லை.

— பாத்தியா, சார் எத்தனை நல்ல மனுசன். அந்த அராவற விசயத்துலயும் கொஞ்சம் குறைச்சுக்கங்க சார்.

— முடியாது. புடிச்சுப் பாருங்க கௌரி. உங்க கைக்கு அப்படியே சேர்ந்தா எடுத்துக்கங்க. சேரலைன்னா வேண்டாம்.

— சரிங்க... ஏனுங்க சார்?

— சொல்லுங்க.

— கட்டை வெதுவெதுன்னு இருக்குதுங்க.

— அப்படியா.

— அடுப்புப் பக்கம் வச்சிருந்தீங்களா?

— இல்லை. காலையில இருந்து அந்த மேசை மேலதான்.

— இரும்பு ஐஸ் மாதிரி இருக்குது. கட்டை மட்டும் சூடு. இப்பத்தான் யாரோ புடிச்சிருந்துட்டுக் கீழ வச்ச மாதிரி. அண்ணா, தொட்டுப் பாரேன்.

— எனக்கெதுக்கு அந்த வம்பு. பனி வாசப்படி வரைக்கும் வந்து நிக்குது, என் விரலு விறைச்சுக் கெடக்குது. நீ ஆவற வேலையைப் பாரு கண்ணு.

— சரியா புடிங்க. கண்ணை மூடுங்க. சுவத்துல குறி ஒட்டியிருக்கு, அதை மனசுல வச்சுக்கிட்டுக் கையைத் தூக்குங்க. இப்ப திறங்க. எங்க நிக்குது?

— இடப்பக்கம் போயிருச்சுங்க. தாளை விட்டே வெளிய.

— வந்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான்.

— நெறைய பேரு வந்தாங்களா சார்?

— சேலம், தருமபுரி, ஈரோடு. ஒருத்தர் கையும் சேரலை.

— உள்ளங்கை தாங்கற இந்தக் கீழ்த்தட்டை ஸ்க்ரூ லூஸ் பண்ணி எறக்கிக்கலாங்க சார். அதுல ஒண்ணுமில்ல. இந்த மேடுதான் கட்டைவிரல் மூட்டுல குத்துது. இத்தனூண்டு, ஒரு நெல்லு கனம் அராவினாப் போதும்.

— வேண்டாம்.

— நாலு இழுப்புங்க சார். வெளிய தெரியக்கூட தெரியாது.

— எனக்குத் தெரியும். அவ மூணு மாசம் அராவினா, அந்த ஜன்னலோரமா உக்காந்து. ஒரு இழுப்பு அராவுவா, புடிச்சுப் பாப்பா, மறுபடி அராவுவா. விரல் ரேகை தவிர மத்த எல்லாம் அந்தக் கட்டைக்குள்ள இருக்கு. சுண்டுவிரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும் அவளுக்கு. பாருங்க, அதுக்குன்னு ஒரு பள்ளம்.

— ஆமாங்க. வேர்வை பட்டுக் கறுத்துக்கூடப் போயிருக்குது.

— அவ கை இல்லை. கை இருந்த பள்ளம் இருக்கு. அந்தப் பள்ளத்துல மெழுகு ஊத்திப் பாத்தேன். ஆறினதும் சுருங்கிடுச்சு. மைதா மாவு அடைச்சுப் பாத்தேன். எடுத்தா கை மாதிரியே இல்லை. ஏதோ பிராணி மாதிரி இருந்துச்சு.

— சார்... நீங்க இந்தூட்டுல ஒண்டியாவா இருக்கீங்க?

— ஆமா.

— சாப்பாடெல்லாம்?

— ஏதாவது.

— எங்கூரு மாரமங்கலத்துக்கு வாங்க சார் ஒரு நாளைக்கு. எங்கம்மா வேலம்மா வைக்கிற குழம்பு நொம்ப நல்லாருக்கும். இப்புடி மாவையும் மெழுகையும் வச்சுக்கிட்டு... உடம்பு என்னத்துக்காவும்?

— அண்ணா, உடு. சார், நான் உங்ககிட்ட நேராவே சொல்லிப்புடறேன். அடுத்த மாசம் எனக்கு மேட்ச். அதுல ஸ்கோர் வந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு எழுதிப் போட முடியும். வயசும் இதோட முடியுது. கிளப்புல நாலு பேருக்கு ஒரே பிஸ்டல். அதுவும் வாஷர் போயி காத்து நிக்காம மூலையில கெடக்குது. இது கெடைக்கலைன்னா எனக்கு மேட்ச் இல்ல. காப்பிப் பழம் பறிக்க கூடையைக் கட்டிக்கிட்டு அம்மாகூடப் போவ வேண்டியதுதான்.

— புரியுது கௌரி.

— புரியுதுன்னா குடுங்க சார்.

— ஏனுங்க சார், ஒரு ரோசனை. கட்டையை நீங்க வச்சுக்கங்க. இரும்பை எங்களுக்குக் குடுங்க. உங்களுக்கு வேண்டியது உங்ககிட்ட, எங்களுக்கு வேண்டியது எங்ககிட்ட.

— வேற கிரிப்புக் கட்டை வெளிநாட்டுல இருந்து வரோணும் அண்ணா. அதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிரும்.

— அதுக்காக மட்டும் இல்லை. நானும் அதை யோசிச்சேன். ஒரு தடவை கழட்டினேன்.

— கழட்டி?

— சூடு போயிடுச்சு. கையிலேயே. நான் புடிச்சிருக்கும்போதே ஜில்லுன்னு ஆச்சு. அவசரமா திருப்பி மாட்டினேன். ஸ்க்ரூ கை நழுவி ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா ஒண்ணுமில்லை. விடிஞ்சு தொட்டப்ப மறுபடி சூடு.

— அப்ப சூடு இருக்கறது உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— அப்புறம் எதுக்குங்க சார் விக்கறீங்க?

— விக்கணும்னு இல்லை. கை வரணும். அந்தப் பள்ளத்துக்குச் சரியா ஒரு கை வரணும். அதுக்குத்தான் விளம்பரம் போட்டேன்.

— கௌரி, கெளம்பு. அதைப் பெட்டியில வை. வேற பாத்துக்கலாம். கடன் வாங்கியாச்சும் வேற பாத்துக்கலாம் கண்ணு.

— நீயே வை அண்ணா. எனக்குக் கண்ணு கலங்குது, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

— குடு இப்புடி. இதுக்கெல்லாம் அழுவியா? எங்க வைக்கோணும், இந்தப் பஞ்சுப் பள்ளத்துலயா... அட.

— என்ன?

— ஒண்ணுமில்ல. இரு.

— என்ன அண்ணா?

— உள்ள போயிருச்சு.

— எது?

— கை. எங்கயும் இடிக்கல. நான் புடிக்கவே இல்ல புள்ளே, அதுவா வந்து ஒட்டிக்கிச்சு.

— மணி. அப்படியே இருங்க. அசையாதீங்க.

— சார், நான் துப்பாக்கியே சுட்டதில்லீங்க. சேர்வராயன் கோயில் திருவிழாவுல பலூன் சுட்டேன், கடைக்காரனே பாவப்பட்டு ஒரு சீப்பு குடுத்தனுப்பிச்சான்.

— சுண்டுவிரல்?

— அதுக்குன்னு எடம் இருக்குதுங்க. சின்னதுல கதவு இடுக்குல மாட்டி வளைஞ்சு போன விரலு.

— அவளுக்கும் கதவுதான். கண்ணை மூடுங்க. தூக்குங்க.

— என்னத்துக்குங்க சார்...

— தூக்குங்க.

— ம். திறக்கட்டுங்களா?

— கௌரி, பின்னால இருந்து பாத்து நீங்க சொல்லுங்க. எங்க நிக்குது?

— நடுவுல நிக்குதுங்க சார். கறுப்பு வட்டத்துக்கு நேர் கீழ, அங்கதான் குறி வைக்கோணும். அண்ணா, உனக்குக் கை ஆடவே இல்ல. எனக்கே இப்புடி நின்னதில்ல. மூச்சு உடறியா இல்லியா?

— கீழ வைங்க மணி. வச்சிட்டு... நான் ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது.

— கேளுங்க.

— உங்க கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கட்டுமா?

— ...என் கையவா?

— கடைசியில அவ ஐசியூல இருந்தா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கலாம்னு சொன்னாங்க. காய்ச்சல் தொத்தும்னாங்க. கையை மட்டுமாவது பிடிச்சுக்கிறேன்னு கேட்டேன். முடியாதுன்னாங்க. அவ கையைத் தூக்கித் தூக்கிப் பாத்தா. அப்புறம் தூக்கலை.

— சார்...

— பிடிச்சுக்கிறேன். அப்புறம் பிஸ்டல் உங்களுது. அராவிக்கலாம். எவ்வளவு வேணும்னாலும் அராவிக்கலாம். எனக்கு அந்தக் கட்டை அதுக்கப்புறம் வேண்டாம்.

— அண்ணா, குடு.

— நீ சொல்லுவ. என் கண்ணாலத்துல கூட யாரும் இப்புடிக் கேட்டுக் கையைப் புடிச்சதில்ல. இந்தாங்க சார். ஸ்டியரிங் புடிச்சுப் புடிச்சுக் காச்சுப் போன கை. மெத்துன்னு இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

— பேசாதீங்க.

— சரிங்க.

— அண்ணா, அழுவறியா நீ? சார், போதுங்க சார். நேரமாவுது. பனி எறங்கிட்டா கொண்டை ஊசியில வண்டி ஓட்ட முடியாது. உடுங்க.

— நான்...

— சார், உடுங்க சார். அண்ணாவுக்கு மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு.

— எடுத்துட்டுப் போங்க. பெட்டியோட எடுத்துக்கங்க. பணம் அந்த மேசை மேல வைங்க, இல்லை, வைக்காமலே போங்க. போங்க.

— இந்தக் கொண்டை ஊசியில ஹாரன் அடி அண்ணா. எதுத்தாப்புல பஸ் வந்தாக்கூடத் தெரியாது போல இருக்குது.

— ம்.

— ஒத்தக் கையில ஏன் வண்டி ஓட்டற? பெட்டி எங்கிட்ட பத்திரமா இருக்குது, பயப்படாத. பணத்தை மேசை மேல வச்சிட்டுத்தான் வந்தேன். சும்மா வாங்கிட்டு வர மனசு வரல.

— ம்.

— நாளைக்குக் காலையில மொத வேலை, அரம் வாங்கியாந்து கிரிப்புல கை வச்சிருவேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சாத்தான் மேட்ச்சுக்குள்ள கை பழகும்.

— கௌரி.

— என்ன?

— அதை அராவாத.

— என்ன அண்ணா வெளையாடறியா? அங்க நின்னு அராவோணும் அராவோணும்னு அவருகிட்ட மல்லுக்கு நின்னது நீதான? அராவலைன்னா நான் எதை வச்சுச் சுடறது?

— தெரியல. ஆனா அராவாத. வலிக்கும்.

— யாருக்கு வலிக்கும்? கட்டைக்கா? அவருக்குன்னா, அவரே அராவிக்கச் சொல்லிட்டாரு. பாவந்தான், நான் இல்லைங்கல. ஆனா அத்தனை நேரமா ஒருத்தரு கையைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு? உடுங்க உடுங்கன்னு நான் கெஞ்சறேன், அந்த மனுசன் காதுலயே போட்டுக்கல.

— அவரு தொட்டதுமே பயந்து உட்டுட்டாரு கண்ணு. என் கைதான் அவரை உடல.